ஒரு இன்ஜின், ஒரு பெல்ட், மூன்று மிஷின்

எங்கள் தோட்டத்துச் சாளையை (தோட்டத்து வீட்டை) ஒட்டி ஓடு வேய்ந்த கொட்டகை ஒன்று இருக்கிறது. அதற்குள் ஒரு பழைய ஆயில் இன்ஜின். மாட்டுக்குச் சோளத்தட்டு வெட்டுவது, நிலக்கடலை உடைப்பது, வேகவைத்துக் காயவைத்த மஞ்சளை டிரம்மில் போட்டு மெருகேற்றுவது, மூன்றும் இன்றைக்கும் அதன் பொறுப்புதான். மூன்று மிஷினுக்கும் பெல்ட் ஒன்றே. ஒரு வேலை முடிந்ததும் பெல்ட்டைக் கழற்றி அடுத்த மிஷினின் புல்லியில் மாட்டிக்கொள்வோம். புல்லிகளின் விட்டம் ஒன்றுக்கொன்று வேறு. ஆனாலும் அதே பெல்ட் மூன்றுக்கும் எட்டும்படி தூரத்தைக் கூட்டிக் குறைத்து மிஷின்களை ஊன்றியிருக்கிறார் அப்பா.

பார்க்க வருகிறவர்கள் கேட்பது பெரும்பாலும் ஒன்றுதான்: "ஏனுங்க, கரண்டு மோட்டார் இருக்கறப்ப இது எதுக்குங்க?" நின்றபடியே இரண்டு வரியில் பதில் சொன்னால் அந்த இன்ஜினுக்கும் பெல்ட்டுக்கும் நியாயம் செய்ததாக ஆகாது. அதனால் நிதானமாக எழுதுகிறேன்.

இங்கிலாந்தில் டர்ஸ்லி என்கிற சிறிய ஊரில் இருந்த லிஸ்டர் கம்பெனி 1930 வாக்கில் கொண்டுவந்த சி.எஸ். ரக டீசல் இன்ஜின்தான் எங்களுடையதற்கு மூலம். ஒற்றை சிலிண்டர், நின்ற வாக்கில். இரண்டு பக்கமும் பிளைவீல் என்கிற கனமான சுழல்சக்கரம். 6 குதிரைத்திறன், நிமிடத்துக்கு 650 சுற்று. அங்கே அதை 1987 வரை செய்தார்கள். குஜராத்தின் ராஜ்கோட் பட்டறைகள் அதே அமைப்பில் வார்த்து இந்தியா முழுக்க அனுப்பின. எங்கள் ஊர்ப் பக்கம் வந்து இறங்கியவற்றில் பல அந்த வழி வந்தவை. இன்றைய சிறிய டீசல் இன்ஜின்கள் 1500 சுற்றிலும் அதற்கு மேலும் ஓடுகின்றன. 650-ல் ஓடுகிற இன்ஜினில் பிஸ்டன் அதே வேலைக்கு பாதிக்கும் குறைவான முறைதான் ஏறி இறங்குகிறது. தேய்மானமும் அந்தக் கணக்கில்தான் இருக்கும். முழு பாரத்தில் மணிக்கு ஒன்றரை லிட்டருக்குப் பக்கம் டீசல் குடிக்கும். தட்டு வெட்டுகிற வேலைக்கு அவ்வளவு தேவைப்படாது.

கிளப்புவதற்கு ஒரு முறை உண்டு. டீசல் குழாயைத் திறந்து, வால்வைத் தூக்கிப் பிடிக்கிற லிவரைப் போட்டுவிட்டு, ஹேண்டிலைச் சுற்ற வேண்டும். அழுத்தம் இல்லாததால் பிளைவீல் லேசாகச் சுற்றும். நாசிலில் டீசல் தெறிக்கிற 'கிரீச்' சத்தம் இரண்டு சுற்றுக்கு ஒரு முறை கேட்க வேண்டும். அது கேட்கவில்லை என்றால் எவ்வளவு சுற்றினாலும் கிளம்பாது. குழாயில் காற்று புகுந்திருக்கிறது என்று அர்த்தம். சத்தம் கேட்டு, வேகமும் சேர்ந்ததும் லிவரை விட்டால் பிளைவீலின் வேகமே பிஸ்டனை மேலே தள்ளி முதல் வெடியை வாங்கிவிடும். எனக்கு இதைக் கற்றுக்கொடுத்த அப்பாரு, அதாவது அப்பாவைப் பெற்ற தாத்தா, எல்லாவற்றுக்கும் முன்னால் சொன்னது ஹேண்டிலைப் பிடிக்கிற விதத்தைத்தான்: "கட்டவெரல உள்ள மடக்காத கண்ணு. நாலு வெரலோட சேத்து வெச்சுக்கோ." இன்ஜின் பின்பக்கமாக உதைத்தால் கை தானாக விலகிக்கொள்ளும். கட்டை விரல் சுற்றி வளைத்துப் பிடித்திருந்தால் மணிக்கட்டே போய்விடும்.

அப்பாரு இதை வாங்கியது தட்டு வெட்டுவதற்காக அல்ல, தண்ணீருக்காக. அதற்கு முன்னால் கவலை என்கிற மாட்டு ஏற்றம். இரண்டு எருதுகள் இறக்கத்தில் நடந்து நடந்து பறியில் தண்ணீர் இறைத்த காலம். ஆயில் இன்ஜின் வந்தபோது எருதும் ஆளும் ஓய்ந்தார்கள். ஆனால் அதில் ஒரு சிக்கல் இருந்தது. பெல்ட்டின் அருமை அங்கேதான் புரிகிறது. மையவிலக்குப் பம்ப் தண்ணீரைக் கீழிருந்து உறிஞ்சுவதற்கு ஓர் எல்லை உண்டு. காற்றின் அழுத்தம்தான் தண்ணீரைக் குழாயில் மேலே தள்ளுகிறது. கணக்குப்படி அது 10 மீட்டர் சொச்சம், நடைமுறையில் 6, 7 மீட்டருக்கு மேல் கிடைக்காது. கொங்குநாட்டுக் கிணறுகள் பாறையை உடைத்து இறக்கியவை. தண்ணீர் அதைவிட ஆழத்தில் கிடக்கும். அப்படியானால் பம்பைக் கிணற்றுக்குள்ளே இறக்கியாக வேண்டும். இன்ஜினையும் சேர்த்து இறக்கினால் புகை கிணற்றுக்குள் தங்கும், ஆள் மயங்கி விழுவான். எனவே இன்ஜினைக் கரையில் நிறுத்தி, பம்பைக் கிணற்றின் குறுக்கே போட்ட உத்தரத்திலோ பாறையில் செதுக்கிய திட்டிலோ உட்காரவைத்து, இரண்டுக்கும் நடுவில் சாய்வாக நீண்ட பெல்ட்டை ஓடவிட்டார்கள். எங்கள் கிணற்றில் அந்த இரும்பு உத்தரம் இன்றும் குறுக்கே நிற்கிறது.

650 சுற்றில் ஓடுகிற இன்ஜினும் 1450 சுற்று கேட்கிற பம்பும் ஒத்துப்போனதும் பெல்ட்டால்தான். கணக்கு எளிது: ஒரு புல்லியின் விட்டத்தை அதன் சுற்றால் பெருக்கினால் வருவது, அடுத்த புல்லியின் விட்டத்தை அதன் சுற்றால் பெருக்கினால் வருவதற்குச் சமம். இன்ஜினில் 16 அங்குலப் புல்லி, பம்பில் 7 அங்குலப் புல்லி. 650-ஐ 16-ஆல் பெருக்கி 7-ஆல் வகுத்தால் 1486. பெல்ட் வழுக்குவதில் 2, 3 சதவீதம் கழித்தால் 1450-க்குப் பக்கத்தில் வந்து நிற்கும். பள்ளிக்கூடம் அதிகம் போகாதவர்களும் இந்தக் கணக்கை மனதில் போட்டுச் சொல்வார்கள். தண்ணீர் கூட வரட்டும் என்று பம்ப் புல்லியை இன்னும் சிறியதாக மாற்றியவர்களும் உண்டு. அங்கேதான் கவனம் தேவை. பம்பின் வேகத்தை 10 சதவீதம் கூட்டினால் அது கேட்கிற சக்தி 33 சதவீதம் கூடிவிடும், ஏனென்றால் சக்தி வேகத்தின் மும்மடிக்கு (1.1 × 1.1 × 1.1 = 1.33) ஏறுகிறது. கொஞ்சம் கூடுதல் தண்ணீர் வரும், இன்ஜின் கரும்புகை கக்கும்.

பிறகு மின்சாரம் வந்தது. 1932-ல் பைக்காரா நீர்மின் நிலையம் ஓடத் தொடங்கிய பிறகு கோவை வட்டாரத்தில் ஆலைகளும் பட்டறைகளும் பெருகின. 1937-ல் ஜி.டி. நாயுடுவும் டி. பாலசுந்தரம் நாயுடுவும் சேர்ந்து மோட்டார் செய்தார்கள். அடுத்து பம்பும் மோட்டாரும் ஒரே தண்டில் அமைந்த மோனோபிளாக் வந்தது. அதற்கு பெல்ட்டே வேண்டாம். 1990-ல் விவசாயப் பம்புசெட்டுகள் எல்லாவற்றுக்கும் மின்சாரம் இலவசம் என்றானதும், தண்ணீருக்காக டீசல் எரிப்பதில் அர்த்தமில்லாமல் போனது. கிணறும் வறண்டது. இப்போது தண்ணீர் எங்கோ பல நூறு அடிக்குக் கீழே, ஆறரை அங்குல ஆழ்துளைக் கிணற்றுக்குள் இருக்கிறது. அங்கே பெல்ட் போக முடியாது, நீர்மூழ்கி மோட்டார்தான் போகும். தண்ணீர் விஷயத்தில் பெல்ட்டின் காலம் முடிந்துவிட்டது என்பதை நான் முழு மனதோடு ஒப்புக்கொள்கிறேன்.

ஆனால் தண்ணீர் வேலை போனதும் இன்ஜினை எடைக்குப் போட்டதுதான் பல தோட்டங்களில் நடந்தது. அதைத்தான் என்னால் ஏற்க முடியவில்லை. 300 கிலோவுக்கு மேல் வார்ப்பிரும்பு, கிலோ இத்தனை என்று லாரியில் ஏறிப் போய்விட்டது. கூடவே பெரிய புல்லிகளும் போயின. அந்தப் புல்லிகள் இருந்திருந்தால் ஒரு மோட்டாரை வைத்துக்கூட பல வேலை பார்த்திருக்கலாம்.

எங்கள் தட்டு வெட்டும் மிஷின் முதலில் கையால் சுற்றியதுதான். அதன் தண்டில் 20 அங்குலப் புல்லியை ஏற்றி, இன்ஜினில் 8 அங்குலப் புல்லி போட்டோம். 650-ஐ 8-ஆல் பெருக்கி 20-ஆல் வகுத்தால் 260. கத்திக்கு அது போதுமான வேகம், பயமில்லாத வேகமும்கூட. மஞ்சள் டிரம் அப்படியில்லை. நிமிடத்துக்கு 30 சுற்றுக்குப் பக்கத்தில் ஓடினால்தான் கிழங்குகள் ஒன்றோடொன்று உரசித் தோல் போகும். வேகம் கூடினால் டிரம்மின் சுவரோடு ஒட்டிக்கொண்டு சுற்றும், உரசாது. அவ்வளவு வேகக் குறைப்பு ஒரே பெல்ட்டில் முடியாது. நடுவில் ஒரு தண்டும் பல்சக்கரமும் வேண்டும்.

ஒவ்வொரு மிஷினின் தண்டிலும் பக்கத்துப் பக்கத்தில் இரண்டு புல்லி. ஒன்று தண்டோடு சாவி என்கிற இரும்பு ஆப்பு அடித்து இறுக்கியது. மற்றது தண்டின் மேல் சும்மா சுற்றுவது. பாஸ்ட் புல்லி, லூஸ் புல்லி என்பார்கள். இன்ஜின் புல்லி இரண்டின் அகலத்துக்கும் சேர்த்து அகலமானது. பெல்ட் லூஸ் புல்லியில் இருக்கும்போது இன்ஜினைக் கிளப்பலாம், மிஷின் நகராது. மரக் கவையால் பெல்ட்டை மெல்லத் தள்ளினால் அது பாஸ்ட் புல்லிக்கு மாறி வேலை தொடங்கும். ஆபத்து என்றால் கவையை ஒரு இழுப்பு. பழைய அரிசி ஆலைகளில் மேலே உத்தரத்தோடு ஓடிய லைன் ஷாஃப்ட் என்கிற நீண்ட தண்டிலிருந்து நெல் குத்துகிற ஹல்லருக்கும் மாவு மிஷினுக்கும் எலிவேட்டருக்கும் தனித்தனியாகப் பெல்ட் இறங்கியதும், அதில் ஒன்றை மட்டும் நிறுத்த முடிந்ததும் இந்த ஏற்பாட்டால்தான்.

எனக்கு இன்னும் வியப்பு அடங்காத ஒன்று, புல்லியின் முகம். மிஷின் பக்கத்துப் புல்லியைக் கையால் தடவிப் பார்த்தால் நடுவில் லேசாகப் புடைத்திருப்பது தெரியும். கயிறு பள்ளத்தில் தங்கும் என்றுதான் யாரும் நினைப்போம். தட்டைப் பெல்ட் அதற்கு நேர்மாறாக மேட்டைத் தேடி ஏறும். பெல்ட் ஓரமாக விலகினால், மேட்டுப் பக்கத்து விளிம்பு அதிகமாக இழுபடுகிறது. அந்த இழுப்பில் பெல்ட் மேட்டை நோக்கி வளைகிறது, அடுத்து வந்து படிகிற பகுதி இன்னும் கொஞ்சம் மேட்டில் படிகிறது. இப்படியே நடுவுக்கு வந்து நின்றுவிடும். ஓரத்தில் தடுப்பு எதுவும் தேவையில்லை. இதைக் கண்டுபிடித்தவன் யாராக இருந்தாலும் கை கூப்பத்தான் தோன்றுகிறது.

புடைப்பு காப்பாற்றும் என்று நம்பி மிஷினைக் கோணலாக ஊன்றினால் பெல்ட் கழன்று விழும். இரண்டு தண்டும் ஒன்றுக்கொன்று இணையாக இருக்க வேண்டும். ஒரு நூலை இன்ஜின் புல்லியின் விளிம்பிலிருந்து மிஷின் புல்லியின் விளிம்புக்கு இழுத்துப் பிடித்துப் பார்ப்பதே போதும். அடுத்தது, பெல்ட்டின் எந்தப் பக்கம் தொய்ய வேண்டும் என்பது. கீழ்ப் பக்கம் இழுக்கவும் மேல் பக்கம் தொய்யவும் இருப்பதுதான் சரி. மேல் பக்கம் தொய்ந்தால் பெல்ட் புல்லியை இன்னும் அதிகமாகச் சுற்றி அணைக்கும், பிடிப்பு கூடும். கீழ்ப் பக்கம் தொய்ந்தால் புல்லியை விட்டு விலகும். மிஷின் எதிர்த்திசையில் சுற்ற வேண்டுமானால் பெல்ட்டை எட்டு வடிவில் குறுக்காகப் போடலாம். அதில் அணைப்பு இன்னும் கூடும், ஆனால் நடுவில் பெல்ட் தன்னோடு தானே உரசித் தேயும். தூரம் போதுமான அளவு இருந்தால் மட்டும் அப்படிப் போடுங்கள்.

சரி, இனி நான் முக்கியமாகச் சொல்ல வந்ததற்கு வருகிறேன். பெல்ட் வழுக்கும். அதைக் குறை என்று சொல்கிறவர்கள் பல்சக்கரத்தையும் நேர் இணைப்பையும் உயர்வாகப் பேசுகிறார்கள். தோட்டத்து வேலையை நேரில் பார்த்தால் அந்த வழுக்கல்தான் பெல்ட்டின் பெரிய பலம் என்று தெரியும். வயலிலிருந்து வருகிற தட்டுக் கட்டில் கல் இருக்கும், கம்பித் துண்டு இருக்கும். அது கத்திக்குள் போய்ச் சிக்கினால் மிஷின் அப்படியே நிற்கிறது. இன்ஜினின் பிளைவீல்கள் இரண்டும் நிற்காது. அவ்வளவு கனம் ஒரே நொடியில் நிற்க முடியாது. நடுவில் இருப்பது இரும்பு இணைப்பாக இருந்தால் சாவியோ பல்லோ தண்டோ உடைந்துதான் தீர வேண்டும். பெல்ட்டாக இருந்தால் கீச்சென்று அலறும், வழுக்கும், மிஞ்சினால் கழன்று விழும். இன்ஜினை நிறுத்தி, கல்லை எடுத்து, கத்தியின் முனையைத் தீட்டிவிட்டு மறுபடி ஓட்டலாம். கவுந்தப்பாடிப் பக்கம் கரும்பு ஆலை வைத்து நாட்டுச்சர்க்கரை காய்ச்சுகிறவர்களுக்கு இது நன்றாகத் தெரியும். பழனி பஞ்சாமிர்தத்துக்குச் சர்க்கரை போகிற ஊர் அது. மூன்று உருளைக்கு நடுவே ஒரேயடியாக அதிகக் கரும்பைத் திணித்தால் முதலில் பேசுவது பெல்ட்தான். பழகிய காதுக்கு அந்தச் சத்தமே அளவு. சத்தம் மாறும்போதே கரும்பைக் குறைத்துவிடுவார்கள்.

அதனால்தான் பெல்ட்டை அளவுக்கு மீறி இறுக்குவதை நான் எதிர்க்கிறேன். வழுக்கவே கூடாது என்று இறுக்கினால் அந்தப் பாரம் முழுவதும் பேரிங்கில் விழும். வழுக்கி வழுக்கி ஓட விடுவதும் தவறுதான். பெல்ட் சூடேறி, கருகிய வாசனை வந்து, முகம் கண்ணாடி போல ஆகிவிடும். அப்போது பலர் ரோசின் என்கிற மரப்பிசின் பொடியைத் தூவுவார்கள். அந்த நேரத்துக்குப் பிடிக்கும். பிறகு அதுவே காய்ந்து பெல்ட்டின் முகத்தைக் கெடுக்கும். தோல் பெல்ட்டாக இருந்தால் கொஞ்சம் விளக்கெண்ணெய் தடவி ஊறவிட்டால் மென்மையாகிப் பிடிப்பும் திரும்பும். ரப்பர் கலந்த கித்தான் பெல்ட்டுக்கு எந்த எண்ணெயும் ஆகாது. ரப்பர் ஊறிப் பிரிந்துவிடும். துடைத்துச் சுத்தமாக வைத்திருப்பதே அதற்கு மருந்து. எங்களிடம் இருப்பது கித்தான் ரகம். இணைப்பு இரும்புக் கிளிப்பில். முனையை மூலைமட்டம் வைத்துச் செங்கோணமாக வெட்டாமல் கிளிப் அடித்தால் பெல்ட் ஒவ்வொரு சுற்றுக்கும் பக்கவாட்டில் ஆடும். பங்குனி சித்திரையில் காற்று காய்ந்திருக்கும்போது ஓடுகிற பெல்ட்டுக்குப் பக்கத்தில் கை கொண்டுபோனால் மயிர்க்கால் சிலிர்க்கும், சில நேரம் சுருக்கென்று அடிக்கும். உரசலில் சேர்கிற மின்சாரம் அது. பெட்ரோல் கேனை அந்தப் பக்கம் வைக்காமலிருப்பது நல்லது.

இதுவரை பெல்ட்டின் நல்ல குணங்களைச் சொன்னேன். இனி சொல்லப்போவதைத் தயவுசெய்து தாண்டிப் போய்விடாதீர்கள். 8 அங்குலப் புல்லியில் 650 சுற்றில் ஓடுகிற பெல்ட் நொடிக்கு 7 மீட்டர் போகிறது. கிணற்றுக்கு ஓடியது போல 16 அங்குலத்தில் ஓடினால் அதைப் போல இரண்டு மடங்கு. வேட்டி நுனியோ தோளில் கிடந்த துண்டோ முந்தானையோ அதில் பட்டால் இழுத்துக்கொள்ள ஒரு நொடிகூட வேண்டாம். வழுக்கும் என்று சொன்னேனே, மனிதக் கைக்காக அது வழுக்காது. மிஷினையே நிறுத்துகிற வலு கல்லுக்கு உண்டு, எலும்புக்கு இல்லை. மிஷினுக்குப் பயிரை ஊட்டுகிற இடமும் அதே அளவு ஆபத்தானது. நாடாளுமன்றம் 1983-ல் அபாயகரமான இயந்திரங்கள் ஒழுங்குமுறைச் சட்டம் என்றே ஒன்றைக் கொண்டுவந்தது. விசையால் ஓடும் கதிரடிக்கும் மிஷின்களை மனதில் வைத்து வந்த சட்டம் அது.

எங்கள் கொட்டகையில் பெல்ட் ஓடுகிற வழி முழுக்க இரண்டு பக்கமும் இடுப்பு உயரத்துக்கு மூங்கில் தட்டி அடைத்திருந்தோம். இப்போது இரும்பு வலை. தட்டு வெட்டும் மிஷினின் வாயில் முழங்கை நீளத்துக்கு மேல்மூடி போட்ட தொட்டி இருக்கிறது. கை கத்தி வரை எட்டாது. அதைக் கழற்றி வைத்துவிட்டு ஓட்டுவது எங்கள் தோட்டத்தில் யாருக்கும் அனுமதி இல்லை, எனக்கும் இல்லை. ஓடுகிறபோது பெல்ட்டைத் தோளால் தள்ளி மாட்டுகிற வழக்கம் முன்பு இருந்தது. அதை வீரமாகவும் பேசினார்கள். நாங்கள் இன்ஜினை நிறுத்திவிட்டுத்தான் பெல்ட்டைத் தொடுவோம். பெண்கள் கூந்தலை முடிந்து தலையில் துணி கட்டிக்கொண்டு, முந்தானையை இழுத்துச் செருகிக்கொள்ள வேண்டும். குழந்தைகளுக்குக் கொட்டகை வாசற்படி எல்லை. இவ்வளவையும் செய்ய மனமில்லாதவர்கள் பெல்ட் மிஷினை வைத்திருக்கவே வேண்டாம் என்பேன்.

மோட்டார் இருக்கும்போது இது எதற்கு என்ற கேள்விக்கு இப்போது பதில் சொல்லலாம். மோட்டார் வைத்தாலும் எனக்கு ஆட்சேபமில்லை. அந்த மோட்டாரையும் பெல்ட்டில் பூட்டுங்கள் என்பதுதான் என் வாதம். தட்டு மிஷினுக்கு ஒரு மோட்டார், கடலை மிஷினுக்கு ஒன்று, டிரம்முக்கு ஒன்று என்று வாங்கிப்போட்டால் ஒவ்வொன்றும் ஆண்டில் பெரும்பகுதி சும்மா கிடக்கும், எலி ஒயரைக் கடிக்கும். கடலை உடைப்பு சில நாள் வேலை. மஞ்சள் மெருகும் ஆண்டுக்கு ஒரு பருவம். தட்டு மட்டும்தான் அன்றாடம். இப்படி மாறி மாறி வருகிற வேலைகளுக்கு நடுவில் நிற்கிற ஒரே விசையும் கழற்றி மாட்டுகிற ஒரே பெல்ட்டும் போதும். மூன்று வேலையும் ஒரே நாளில் வந்து மோதுகிற பெரிய பண்ணைக்கு இது ஒத்துவராது. புல்லியின் பள்ளத்தில் பதிந்து ஓடுகிற வி பெல்ட் பிடிப்பில் சிறந்தது, குறைந்த தூரத்தில் ஓடும். ஆனால் அதை நினைத்த நீளத்துக்கு வெட்டி ஒட்ட முடியாது, லூஸ் புல்லிக்குத் தள்ளவும் முடியாது. எங்களுக்குத் தட்டைப் பெல்ட்டே தோது. இன்ஜினையே வைத்திருப்பதற்குக் காரணம், மும்முனை மின்சாரம் வருகிற நேரத்துக்காக மாடு பசியோடு காத்திருக்க வேண்டியதில்லை.

உங்கள் தோட்டத்திலும் இப்படி ஒன்று துருப்பிடித்துக் கிடந்தால், எடைக்காரரைக் கூப்பிடுவதற்கு முன் சிலவற்றைப் பாருங்கள். பிளைவீலைக் கையால் அசைத்துப் பாருங்கள்; அசையாவிட்டால் நாசிலைக் கழற்றி அந்தத் துளை வழியாக டீசலும் எண்ணெயும் கலந்து ஊற்றி ஒரு வாரம் விட்டுவிடுங்கள். சம்மட்டி வேண்டாம், வார்ப்பிரும்பு விரிசல் விடும். பிளைவீல் ஆரத்திலும் புல்லி ஆரத்திலும் விரிசல் இருக்கிறதா என்று சின்னச் சுத்தியலால் லேசாகத் தட்டிக் கேளுங்கள். நல்லதாக இருந்தால் மணி போல ஒலிக்கும், விரிசல் இருந்தால் சத்தம் செத்துப்போயிருக்கும். விரிசல் விட்ட பிளைவீலை எந்தக் காரணத்துக்காகவும் ஓட்டாதீர்கள், வெல்டிங் வைத்தும் ஓட்டாதீர்கள். இன்ஜினின் அடிப்பெட்டியான கிராங்க் கேஸின் மூடியைத் திறந்து அடியில் தேங்கிய பழைய எண்ணெயையும் சேற்றையும் வழித்தெடுங்கள். ராஜ்கோட் இன்ஜின்களில் சிலவற்றில் வார்ப்பு மணல்கூடத் தங்கியிருக்கும். அது பேரிங்கைத் தின்றுவிடும். பிஸ்டன், ரிங், நாசில் எல்லாம் இன்றும் கடையில் கிடைக்கின்றன. பெல்ட்டை மட்டும் பழசாக வாங்க வேண்டாம். எத்தனை புல்லி மாற்றப்போகிறீர்களோ அத்தனைக்கும் கயிறு சுற்றி அளந்து, அதில் நீளமான அளவுக்கு ஒரு முழம் கூட்டி, புதிதாகவே வாங்குங்கள். புதுப் பெல்ட் முதல் சில வாரங்களில் நீளும். அப்போது அந்த மிச்சத்தை வெட்டிவிட்டு மறுபடி கிளிப் அடித்துக்கொள்ளலாம்.